வாசகர் கேள்வி பதில்: பொதிகைக் காடும் காணிக்காரர் நிலமும்

பொதிகை மலையிலுள்ள களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தையும் அதற்குள் வாழும் பழங்குடியினரான காணிக்காரர்களையும் பற்றி வந்திருக்கும் கடிதங்கள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: புலிகள் காப்பகம் என்று அறிவித்த பிறகும் அதற்குள் காணிக்காரர் குடியிருப்புகள் இருக்கின்றனவே, விலங்குகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் மனிதர் இருப்பது ஆக்கிரமிப்பு ஆகாதா?
(கல்லூரி மாணவி, அம்பாசமுத்திரம்)

பதில்: எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று பார்த்துவிட்டால் இந்தக் கேள்வியில் பாதி தானே தீர்ந்துவிடும். முண்டந்துறை 1962இல் புலிகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. களக்காடு 1976இல் சோலைமந்தி என்ற சிங்கவால் குரங்கை முன்வைத்துச் சரணாலயமானது. இரண்டையும் சேர்த்து 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகத்தை அமைத்தார்கள். அதன் மையப் பகுதியின் பரப்பு இன்று 895 சதுர கிலோமீட்டர். இஞ்சிக்குழியிலும் மைலாற்றிலும் சேர்வலாற்றிலும் அகஸ்தியர் காணிக் குடியிருப்பிலும் இன்று இருப்பவர்களின் முன்னோர், இந்த அறிவிப்புகளுக்கு மட்டுமல்ல, காடு அரசுக்கு உரியது என்று ஆங்கிலேயர் எழுதிவைத்த சட்டங்களுக்கும் முன்பிருந்தே இந்த மலையில் வாழ்ந்தவர்கள். காப்பகத்தின் எல்லைக்கோடு அவர்களையும் உள்ளே வைத்துத்தான் போடப்பட்டது.

இந்த மலையில் காடு பெரிய அளவில் குறைந்தது எதனால் என்பதையும் பார்க்க வேண்டும். 1940களில் பாபநாசம் அணையும், 1958இல் மணிமுத்தாறு அணையும், 1980களில் சேர்வலாறு அணையும் எழுந்தபோது பள்ளத்தாக்குகள் நீருக்குள் போயின. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் குத்தகைக்கு எடுத்த சுமார் 8,373 ஏக்கரில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. ஆற்றுப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் ஊர்க்காரர்கள் நாம் அணைகளைக் குறை சொல்வது நன்றி கொன்ற செயலாகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அத்தனைக்கும் அனுமதி கொடுத்துவிட்டு, ஒரு சில குடியிருப்புகளின் மரச்சீனிக்கிழங்குத் தோட்டமும் மிளகுக் கொடியும்தான் காட்டுக்குக் கேடு என்று பேசுவதில் நியாயம் இல்லை.

சட்டமும் ஆக்கிரமிப்பு என்று சொல்லவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13ஆம் தேதிக்கு முன்பிருந்து காட்டில் குடியிருந்து, காட்டை நம்பி வாழும் பழங்குடியினர் தம் அனுபவத்தில் வைத்திருக்கும் நிலத்துக்கு, அதிகபட்சம் நான்கு ஹெக்டேர் வரை, உரிமையை அங்கீகரிக்கச் சொல்கிறது. சரணாலயங்களும் புலிகள் காப்பகங்களும் இதற்கு விலக்கல்ல. உரிமையைச் சரிபார்த்து முடிக்கும் வரையில் யாரையும் வெளியேற்றக் கூடாது என்று அதன் நான்காம் பிரிவு கட்டளையிடுகிறது. காட்டையும் விலங்கையும் நீர்ப்பிடிப்பையும் காக்கும் அதிகாரத்தை ஐந்தாம் பிரிவு அதே மக்களின் கிராம சபைக்கு வழங்குகிறது. உரிமையைக் கொடுத்த கையோடு காவலையும் ஒப்படைக்கும் இந்த ஏற்பாடுதான் அந்தச் சட்டத்தின் உயிர் என்பது என் கருத்து. சட்டம் வந்தும் தமிழ்நாட்டில் பட்டா கொடுப்பதற்கு 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு தடையாக இருந்தது. உச்ச நீதிமன்றம் 2016இல் அதை நீக்கிய பிறகே வேலை நகரத் தொடங்கியது. நம் மாநிலம் இந்தக் காரியத்தில் பிந்தியிருப்பதற்கு இது ஒரு காரணம்; ஒரே காரணம் இதுதான் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: மலையில் இருக்கும் காணிக்கார நண்பர் ஒருவர் வன உரிமைக்கு விண்ணப்பிக்க நினைக்கிறார். அவரிடம் பட்டாவோ பழைய ரசீதோ எதுவும் இல்லை. எதை ஆதாரமாகக் காட்டுவது?
(வாசகர், விக்கிரமசிங்கபுரம்)

பதில்: பட்டா இல்லாதவர்களுக்காகவே இயற்றப்பட்ட சட்டத்தில் பட்டாவைக் கேட்பது பொருந்தாது, விதிகளும் அப்படிக் கேட்கவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட ஆதாரங்கள் இருந்தால் போதும், குறிப்பிட்ட ஒரு வகை ஆவணம்தான் வேண்டும் என்று எந்தக் குழுவும் வற்புறுத்தக் கூடாது. குடும்ப அட்டை, வாக்காளர் அடையாள அட்டை, வீட்டு வரி ரசீது, வனத்துறையின் பழைய செயல்திட்டப் பதிவுகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்புகள் ஆகியவை எழுத்தில் உள்ள ஆதாரங்கள். எழுத்தில் இல்லாதவையும் செல்லும். நின்றுகொண்டிருக்கும் வீடு, கட்டிய வரப்பு, வெட்டிய கிணறு, முன்னோரைப் புதைத்த இடம், வழிபடும் இடம், வம்சாவளி விவரம் எல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். விண்ணப்பதாரர் அல்லாத ஒரு பெரியவர் சொல்லும் சாட்சியத்தை எழுத்தில் பதிந்தால் அதுவும் ஆதாரமே. நம் ஊர் அலுவலகங்களில் தாத்தாக்களின் வாய்மொழிக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கும் விதி வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

விண்ணப்பம் முதலில் குடியிருப்பின் கிராம சபைக்குப் போக வேண்டும். இங்கே கிராம சபை என்பது கீழே உள்ள ஊராட்சி முழுவதற்குமான கூட்டம் அன்று. அந்தக் குடியிருப்பின் வயது வந்தோர் அனைவரும் கூடும் சபை. அது தன் உறுப்பினர்களிலிருந்து பத்து முதல் பதினைந்து பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். அந்தக் குழு நிலத்துக்கு நேரில் சென்று பார்த்து, வரைபடம் எழுதி, சபைமுன் வைக்கும். சபையின் தீர்மானம் பிறகு கோட்ட அளவிலான குழுவுக்கும், இறுதியாக ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் செல்லும். அம்பாசமுத்திரம் வட்டம் சேரன்மகாதேவி வருவாய்க் கோட்டத்தில் அடங்குவதால், உங்கள் நண்பரின் காகிதம் சேரன்மகாதேவி வழியாகத்தான் போகும். கிராம சபையின் தீர்மானத்தில் குறை இருப்பதாகத் தோன்றினால் அறுபது நாளுக்குள் கோட்டக் குழுவிடம் முறையிட வேண்டும். இந்தக் கெடுவை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். மணமானவராக இருந்தால் கணவன், மனைவி இருவர் பெயரிலும் சேர்த்தே உரிமை எழுதப்படும். பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் விற்க முடியாது. விற்க முடியாது என்பதைக் குறையாகச் சொல்பவர்களும் உண்டு. மலையடிவாரத்தில் கடந்த பல ஆண்டுகளில் நிலம் கைமாறிய வேகத்தைப் பார்த்தவன் என்ற முறையில், அந்தத் தடை இல்லாதிருந்தால் பட்டா கொடுத்த சில காலத்திலேயே மலைமீது ஓய்வு விடுதிகள் முளைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

தனிநபர் நிலத்துக்கு விண்ணப்பிப்பதோடு நின்றுவிட வேண்டாம் என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். தேன், நெல்லி, மூங்கில் போன்ற சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கும் உரிமையையும், தாங்கள் வழிவழியாகப் பேணிவந்த காட்டைச் சமூகமாகக் காக்கும் உரிமையையும் தனியே கேட்க வேண்டும். அதற்கான படிவங்கள் வேறு. பெரும்பாலானோர் முதல் படிவத்தோடு முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: கீழே வந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் தருவதாகச் சட்டம் இருக்கும்போது அவர்கள் ஏன் வரத் தயங்குகிறார்கள்? பிள்ளைகள் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் அது நல்லதுதானே?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை)

பதில்: புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியிலிருந்து தாமாக விரும்பி வெளியேறும் குடும்பத்துக்கு முன்பு 10 லட்சமாக இருந்த தொகை 2021இல் 15 லட்சமாக உயர்த்தப்பட்டது உண்மை. 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம், நாடெங்கும் 591 ஊர்களில் 64,801 குடும்பங்கள் மையப் பகுதிகளில் இருப்பதாகக் கணக்குச் சொல்லி, இடமாற்றத்தை விரைவுபடுத்துமாறு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியதும் உண்மை. ஆனால் தொகையைப் பற்றிப் பேசுபவர்கள் அதற்கு முந்திய நிபந்தனைகளைச் சொல்வதில்லை. முதலில் வன உரிமைகள் அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். மனிதர் அங்கே இருப்பதால் விலங்குக்கு மீளாத கேடு வரும் என்பதும், சேர்ந்து வாழ வேறு வழி இல்லை என்பதும் ஆராய்ந்து நிறுவப்பட வேண்டும். எல்லாம் தெரிந்த பின் கிராம சபை தன் சம்மதத்தை எழுத்தில் தர வேண்டும். கையில் உரிமைப் பத்திரம் இல்லாத ஒருவரிடம் விருப்பமா என்று கேட்டால், அவர் சொல்லும் பதிலை விருப்பம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பலருக்கும் தெரியாத இன்னொரு சிக்கல் உண்டு. பழங்குடியினர் பட்டியலில் காணிக்காரர் என்ற பெயர் தமிழ்நாடு முழுவதற்குமாக இடம்பெறவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கும், செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்களுக்கும் மட்டுமே அது பொருந்தும். பணத்தை வாங்கிக்கொண்டு வேறொரு வட்டத்தில் போய்க் குடியேறினால், அங்கே வளரும் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்கும்போது வழக்கு எழ இடமிருக்கிறது. நீங்கள் சொல்லும் படிப்பே அங்கே தடுமாறிப் போகும். பள்ளிக்கூடத்தையும் மருந்தகத்தையும் மேலே கொண்டுபோவதற்கும் வழி இல்லாமல் இல்லை: ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு பள்ளி, மருந்தகம், குடிநீர், சாலை போன்றவற்றுக்குப் பயன்படுத்த வன உரிமைச் சட்டமே இடம் தருகிறது. காரையாறு (பாபநாசம்) அணைக்கு மேலே இருக்கும் இஞ்சிக்குழிக்குப் படகில் அக்கரை சேர்ந்து காட்டுவழியே நெடுந்தூரம் நடந்துதான் போக வேண்டியிருக்கிறது என்பதை நானும் மறுக்கவில்லை. கீழே வர விரும்புகிறவர் வரட்டும். அவரைத் தடுக்கவும் யாருக்கும் உரிமை இல்லை.

கேள்வி: என் வாழைத்தோட்டத்தில் ஒரு மாதம் பன்றி, ஒரு மாதம் யானை. காட்டையும் பழங்குடியினரையும் பற்றி எழுதுகிற நீங்கள் எங்களைப் பற்றி எழுதுவதில்லை. பன்றியைச் சுடலாம் என்று அரசு சொல்லிவிட்டதாமே, அது எங்களுக்கு உண்டா?
(விவசாயி, களக்காடு)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. களக்காட்டிலும் திருக்குறுங்குடியிலும் கடையத்திலும் காட்டை ஒட்டிப் பயிர் வைத்திருப்பவர்கள், நாடு முழுவதும் பெருமைப்படும் ஒரு காப்பகத்தின் செலவில் ஒரு பங்கை யாரும் கேட்காமலே கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2025 ஜனவரியில் அரசு அறிவித்த ஏற்பாடு மூன்று வளையமாக இருக்கிறது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவோ பிடிக்கவோ கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும், ஊர் அளவிலான குழுவின் பரிந்துரையின் பேரில் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். விவசாயி துப்பாக்கி எடுக்க எந்த வளையத்திலும் இடமில்லை. உங்கள் தோட்டம் மலையடிவாரத்தில்தான் இருக்கிறது என்றால், சேதம் மிகுதியாக உள்ள முதல் வளையத்தில் நீங்கள் இருப்பீர்கள். அங்கே இந்த அறிவிப்பால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. அடிவார மக்களை மனத்தில் வைத்து அது எழுதப்படவில்லை என்றே கருதுகிறேன். உங்களுக்கு உரியது இழப்பீடு. சேதம் நடந்தவுடன், மிதிபட்ட வாழையை அகற்றுவதற்கு முன் படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அடங்கல் என்ற சாகுபடிக் கணக்கின் நகலை கிராம நிர்வாக அலுவலரிடம் பெற்று இணையுங்கள். வேலியில் மின்கம்பியிலிருந்து நேராக மின்சாரம் பாய்ச்சும் வேலையை மட்டும் யார் சொன்னாலும் செய்ய வேண்டாம். யானை இறந்தால் சிறை, மனிதர் இறந்தால் கொலைக்கு ஒப்பான வழக்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேரளத்தின் சின்னக்கானலில் தொடங்கிக் கம்பம் வரை வந்து பிடிபட்ட அரிக்கொம்பன் யானையை 2023 ஜூனில் கொண்டுவந்து விட்டது இந்தக் காப்பகத்தில்தான். அது செப்டம்பரில் மாஞ்சோலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நடமாடியபோது தொழிலாளர்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தார்கள். ஓர் ஊரில் சமாளிக்க முடியாத விலங்கை இன்னோர் ஊரின் மலைக்குக் கொண்டுவரும்போது, அந்த மலையில் இருப்பவர்களிடமும் அடிவாரத்தில் இருப்பவர்களிடமும் முன்கூட்டியே கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காணிக்காரரின் கிராம சபைக்கு மதிப்பு வந்தால் அது உங்களுக்கும் துணையாகும்.

கேள்வி: மாஞ்சோலைத் தோட்டம் மூடப்பட்டால் அந்த நிலம் காடாக வேண்டுமா, தொழிலாளர்களுக்குப் போக வேண்டுமா?
(வாசகர், கல்லிடைக்குறிச்சி)

பதில்: 99 ஆண்டுக் குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்பே 2024இல், தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்திவந்த நிறுவனம் விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்துத் தோட்டத்தை விட்டு விலகத் தொடங்கியது. சிங்கம்பட்டி ஜமீன் காடு 2018இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அரசின் தேயிலைக் கழகம் தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஏற்கவில்லை.

வன உரிமைச் சட்டத்தைத் தோட்டத் தொழிலாளர்களுக்கும் நீட்ட முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். பழங்குடியினர் அல்லாதவர்கள், 2005 டிசம்பருக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டில் குடியிருந்து காட்டை நம்பி வாழ்ந்திருக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் அது 1930 ஆகிறது. குத்தகை எழுதியது 1929. ஆண்டுக் கணக்கில் நூலிழையில் நிற்கிற இந்த வாதம், அவர்கள் கூலியை நம்பி வாழ்ந்தார்களா, காட்டை நம்பி வாழ்ந்தார்களா என்ற கேள்வியில் தளர்ந்துவிடுகிறது. எனவே தேயிலை இருந்த இடம் மெல்ல மெல்லச் சோலையாகட்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. சோலைமந்தி மரத்தைவிட்டு இறங்காமல் கடந்து செல்லத் தொடர்ச்சியான விதானம் வேண்டும். கக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய தோட்டப் பகுதிகள் காட்டின் நடுவே இருப்பவை. ஆனால் காடு திரும்புவதன் விலையை, 1999 ஜூலை 23இல் கூலி உயர்வு உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக ஊர்வலம் வந்து தாமிரபரணியில் 17 உயிர்களை இழந்தவர்களின் தலையில் ஏற்றக் கூடாது. நான்கு தலைமுறை உழைப்புக்கு வீடும் நிலமும் பிழைப்பும் கொடுத்துவிட்டு அந்த இடத்தைக் காடு என்று சொல்ல வேண்டும்.

கேள்வி: தேன் எடுப்பதால் காடு கெடுமா?
(பள்ளி மாணவன், ஆழ்வார்குறிச்சி)

பதில்: எடுக்கிற விதத்தைப் பொறுத்தது. மலைத்தேனீயின் அடையில் தேன் இருக்கும் பகுதி வேறு, புழு வளரும் பகுதி வேறு. தேன் பகுதியை மட்டும் அறுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால் தேனீக் கூட்டம் பிழைத்துக்கொள்ளும். தீயைக் கொளுத்தி எல்லாவற்றையும் இறக்கினால் கூட்டமும் போகும், காய்ந்த புல்லில் பொறி விழுந்தால் காடும் போகும்.

கேள்வி: காணிக்காரர்களின் மூலிகை அறிவால் மருந்து தயாரித்து அவர்களுக்கும் பங்கு கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நம் பக்கத்திலா?
(சித்த மருத்துவ மாணவி, திருநெல்வேலி)

பதில்: மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில். 1987இல் அகத்தியமலைக்கு ஆய்வுக்குச் சென்ற விஞ்ஞானிகள், வழிகாட்டியாக வந்த காணிக்காரர்கள் ஒரு செடியின் பழத்தைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடப்பதைக் கவனித்துக் கேட்டார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் உரிமத் தொகைக்கும் 2 விழுக்காடு ராயல்டிக்கும் கொடுத்தது. இரண்டிலும் பாதி காணிக்காரருக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவானது. உலகெங்கும் முன்மாதிரியாகப் பேசப்பட்ட ஏற்பாடு இது. ஆனால் செடியைக் காட்டிலிருந்து எடுப்பதில் வனத்துறையின் தடை குறுக்கிட்டது. பங்கு உண்டு என்று எழுதிக்கொடுத்த பிறகும், செடி நிற்கும் நிலத்தில் உரிமை இல்லாததால் பங்கு சுருங்கியது. பின்னால் வந்த வன உரிமைச் சட்டம், உயிரினவளத்தை அணுகும் உரிமையையும் மரபறிவின்மேல் சமூகத்துக்குள்ள உரிமையையும் ஒரே பிரிவில் சேர்த்து எழுதியிருக்கிறது. நீங்கள் மலைக்கு மூலிகை தேடிப் போவதாக இருந்தால், யாரிடம் கேட்டு எழுதிக்கொள்கிறீர்களோ அவருடைய சபையின் அனுமதியையும் முதலில் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்குவது எங்கள் குடும்ப வழக்கம். வனத்துறை நாட்களைக் குறைத்துக்கொண்டே வருகிறது. பக்தர்கள் என்றால் மட்டும் சட்டமா?
(வாசகர், சுரண்டை)

பதில்: கோயில் காரையாற்றங்கரையில், காப்பகத்துக்குள் இருக்கிறது. அங்கே ஒரே நேரத்தில் கூடும் கூட்டத்தைக் காடு தாங்காது என்பது கண்கூடு. ஆற்றில் விடும் துணியும் சோப்பு நுரையும் நெகிழிப் பையும் கீழே தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகள் வழியாகச் சுமார் 86,000 ஏக்கருக்குப் பாயும் அதே தண்ணீரில்தான் கலக்கின்றன. ஆகவே கட்டுப்பாட்டை நான் ஆதரிக்கிறேன். எத்தனை நாள், எத்தனை வண்டி என்பதை முடிவு செய்யும் கூட்டத்தில் கோயிலைச் சுற்றி வாழும் காணிக்காரர்களுக்கும் இடம் வேண்டும் என்பது மட்டுமே என் குறை. திருவிழா முடிந்து நாம் இறங்கிய பிறகு, நாம் விட்டுவந்த குப்பையோடு இருக்கப்போகிறவர்கள் அவர்கள்தான்.

கேள்வி: நாங்கள் சில நண்பர்கள் காணிக்காரர்களுக்கு உதவ விரும்புகிறோம். கிராம சபையில் போய்ப் பேசலாமா?
(வாசகர், வீரவநல்லூர்)

பதில்: சபையில் பேசும் உரிமையும் வாக்கும் அந்தக் குடியிருப்பின் உறுப்பினர்களுக்கு மட்டுமே. சபை கூடப் பாதிப் பேர் வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்பது விதி. வெளியாட்கள் கூட்டத்தை நிரப்பினால் பெண்கள் பேசாமல் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் அழைத்தால் போங்கள். படிவத்தை நிரப்பித் தருவது, பெரியவர்களின் சாட்சியத்தை அவர்கள் சொன்னபடியே எழுதி வாசித்துக் காட்டுவது, நகல் எடுப்பது, சேரன்மகாதேவி அலுவலகத்துக்குத் துணைக்குப் போவது ஆகிய வேலைகளுக்கு ஆள் தேவைப்படுகிறது. அலுவலகத்தில் கொடுக்கும் ஒவ்வொரு காகிதத்துக்கும் தேதியிட்ட ஒப்புகை வாங்கி, அசலைச் சபையிடமும் ஒரு நகலை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.